கண் மூடாமல் ஐந்து வெடி

என்ரை புருவத்தைத்தானே பாக்கிறியள், அன்ரி? பாருங்கோ, பரவாயில்லை. பஸ் வெளிக்கிட்டதிலையிருந்து மூண்டு தரம் பாத்திட்டியள். அதைக் கேக்க மனமில்லாமல்தான் எங்கை படிக்கிறாய் எண்டு கேட்டியள். படிக்கேல்லை, விட்டிட்டன். அது வேறை கதை. இந்தப் பிறை மாதிரி வெட்டு, துவக்கு அடிச்சது. வெடி படேல்லை. துவக்குக்கு மேலை பூட்டியிருக்கிற ஸ்கோப் பின்னுக்கு வந்து அடிச்சது. அது ஸ்கோப் பூட்டினவன்ரை பிழை, என்ரை பிழை இல்லை. அதை முதலே சொல்லிப்போடுறன்.

இல்லை, போன் அடிக்கேல்லை. மெசேஜ் ஒண்டு வந்திருக்கு. இருக்கட்டும். இந்த மலைக்குள்ளை சிக்னல் சரியில்லை, பேந்து பாப்பம். பட்டணத்துக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கு.

நீங்கள் ரொறொன்ரோ ஆள், மூஸ் எண்டால் தெரியும்தானே. மாட்டைவிடப் பெரிய மான். அதைத்தான் இஞ்சை நோர்வேயிலை எல்க் எண்டுறது. செப்டெம்பர் கடைசியிலை வேட்டை தொடங்கினால் எங்கட ஊரிலை கலியாணம் வைக்கமாட்டினம், செத்தவீட்டைக்கூட இயலுமெண்டால் தள்ளி வைப்பினம். அந்த ஊரிலை தமிழ்க் குடும்பம் நாங்கள் ஒண்டுதான். அப்பா மரம் அரியிற ஆலையிலை இருபத்தொரு வருசம். அப்பாவின்ரை பேர் சிவநேசன். ஊர் ஆக்களுக்கு நேசன்.

வேட்டைக் குழுவிலை ஒரு வழக்கம் இருக்கு, அன்ரி. இறைச்சியை வெட்டி, எத்தினை பேரோ அத்தினை குவியலா மேசையிலை வைப்பினம். ஒராள் சுவரைப் பாத்துத் திரும்பி நிப்பார். இன்னொராள் ஒரு குவியலைத் தொட்டு, இது ஆருக்கு எண்டு கேப்பார். சுவரைப் பாத்து நிக்கிறவர் ஒரு பேர் சொல்லுவார். அவ்வளவுதான். சுட்டவனுக்கும் ஒரு பங்கு, சும்மா காவல் நிண்டவனுக்கும் அதே பங்கு. எனக்கு எலும்பு கூட வந்திட்டுது எண்டு ஆரும் வாய் திறக்க ஏலாது.

எல்லாப் பேரும் கூப்பிட்டு முடிஞ்ச பிறகு, குழுத் தலைவர் ஓட்வார் தன்ரை பங்கிலை கொஞ்சம் எடுத்துக் கடைப் பையிலை போட்டு அப்பாட்டைக் குடுப்பார். வருசா வருசம். நல்ல மனுசன், மனசாரக் குடுப்பார். அம்மா எங்கட கறித்தூள் போட்டுப் பிரட்டலாக்கி அரைவாசியைத் திருப்பி அனுப்புவா. ஆலையிலை அதுக்கு அடிபாடு. ஆனால் அப்பா அந்தப் பையை வாங்கேக்கை சிரிப்பார், வீட்டை வந்து குசினி மேசையிலை வைக்கேக்கை சிரிக்கமாட்டார். எனக்கு அது எட்டு வயசிலையே விளங்கினது. அவருக்கு வேண்டினது இறைச்சி இல்லை. சுவரைப் பாத்து நிக்கிற ஆளின்ரை வாயிலை தன்ரை பேர் வரவேணும்.

போன மாரியிலை குழுவிலை ஒராளுக்கு முழங்கால் பழுதாகி விலகினார். ஓட்வார் அப்பாவைக் கேட்டார். அவர் கேட்டு முடிக்க முன்னம் அப்பா ஓம் எண்டிட்டார். எழுத்துச் சோதினைக்கு நாலு மாசம் கொப்பியும் கையுமாத் திரிஞ்சார், ரெண்டே ரெண்டு பிழையோடை பாஸ். மிச்சம் சுடுற சோதினை. நூறு மீற்றரிலை மான் படம், நெஞ்சிலை ஒரு வட்டம், ஐஞ்சு வெடி. ஐஞ்சும் வட்டத்துக்குள்ளை விழவேணும், நாலு விழுந்தால் ஒண்டும் விழாத மாதிரித்தான். ஓகஸ்ட் முடிய முன்னம் பாஸ் பண்ணாட்டி இடம் ஓட்வாரின்ரை மருமகனுக்கு. ஓட்வார் அதை மறைக்கேல்லை.

வீட்டிலை அம்மா துவக்கு எண்ட சொல்லே சொல்லமாட்டா. அவ வன்னியிலை சின்னனிலை கண்டது வேறை, அதிலை நான் பகிடி விடமாட்டன். அவ அதுக்கு வைச்ச பேர் அந்தச் சாமான். அந்தச் சாமான் நிலவறையிலை பூட்டிக் கிடக்கலாம், மேலை வரக்கூடாது, தன்ரை கண்ணிலை படக்கூடாது எண்டு சொல்லிப்போட்டா. அப்பிடித்தான் துவக்கு அலுமாரி அரிசிச் சாக்குகளுக்குப் பக்கத்திலை வந்தது.

இனி எங்கட ஆக்கள் மட்டுமே விடுற பிழை ஒண்டு சொல்லுறன், சிரிக்காதேங்கோ. ஓட்வார் அப்பாட்டை வடிவாச் சொன்னவர், ஆறரை மில்லிமீற்றர் வாங்கு நேசன், உதை குறைவு, எல்க்குக்கு அது தாராளம் எண்டு. அப்பா கடையிலை போய்க் கேட்ட முதல் கேள்வி, இதைவிடப் பெரிசு இல்லையோ. நாங்கள் வீட்டிலை மூண்டு பேர், அன்ரி. எங்கட கார் ஏழு பேர் இருக்கிற கார். எங்கட பிறீசருக்குள்ளை நான் எழும்பி நிக்கலாம். கடைசியிலை அப்பா ஆலையிலை வேலை செய்யிற ரூனேயிட்டை ஒரு பழைய ஒன்பது தசம் மூண்டு வாங்கிக்கொண்டு வந்தார். கரடி சுடுறது. எங்கட பக்கம் கரடியே இல்லை. சத்தம் குறைக்கிற குழாயும் இல்லை, உதையைத் தாங்கத் துவக்கிலை பாரமும் இல்லை, தோளிலை முட்டுற பிடங்கிலை றப்பரும் இல்லை, வெறும் இரும்புத் தகடு. தோளிலை வைச்சு அடிச்சால் கழுதை உதைச்ச மாதிரி. ரூனே ஏன் அதை வித்தவன் எண்டு அப்பா யோசிக்கேல்லை.

முதல் நாள் அப்பா நாப்பது வெடி வைச்சார். அதுவும் பிழை. பெரிய துவக்கிலை ஒரு நாளைக்கு ஆறு ஏழுக்கு மேலை வைக்கிறது விசர் வேலை. நாப்பதிலை முதலாவது மட்டும் வட்டத்துக்குள்ளை. ரெண்டாவதிலையிருந்து எல்லாம் கீழை, புல்லுக்குள்ளை, மண்ணுக்குள்ளை. ராவைக்குச் சேட்டைக் கழட்டேக்கை தோள் கத்தரிக்காய் நிறம். அம்மா எண்ணெய் பூசினா.

அதுக்குப் பிறகு காரணம் வரத் தொடங்கிச்சுது. முதல் கிழமை மூக்குக்கண்ணாடி. கண் வைத்தியரிட்டைப் போய்ப் புதுக் கண்ணாடி. ரெண்டாம் கிழமை காத்து. மூண்டாம் கிழமை தோட்டா பழசு. பிறகு ஸ்கோப் (அது உண்மை, அதுக்கு வாறன்). பிறகு வெய்யில் முகத்திலை அடிக்குது. நோர்வேயிலை, அன்ரி.

ஒருநாள் ஓட்வார் அப்பாவைப் பக்கத்திலை இருத்தி, தோளிலை கை வைச்சு, மெல்லமாக் கதைச்சார். உங்கட நாட்டிலை நீங்கள் கண்டதெல்லாம் எங்களுக்கு விளங்காது நேசன், உடம்பு மறக்காதாம், அவசரப்படவேண்டாம் எண்டு. அப்பா தலையைக் குனிஞ்சு மெதுவா ஆட்டினார். அந்த ஆட்டலை நான் பாத்துக்கொண்டு நிண்டன். காருக்குள்ளை ஏறினவுடனை கேட்டன், அப்பா, நீங்கள் சண்டைக்குள்ளை துவக்குத் தொட்டனீங்களோ எண்டு.

"இல்லைப் பிள்ளை. நான் சைக்கிள் கடையெல்லோ வைச்சிருந்தனான்."

"வெடிச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்குதோ?"

"ஷெல் எண்டால் அடிக்கும். இது என்ன, சின்னச் சத்தம்தானே."

"அப்ப ஏன் அவருக்குத் தலையாட்டினனீங்கள்?"

"அந்த மனுசன் அவ்வளவு அன்பாக் கேக்கேக்கை, இல்லை எனக்குத் தோள் நோகுது எண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

இதுதான் அப்பா. உண்மையான காரணத்தைச் சொல்ல வெக்கம், அதுக்காகப் பெரிய காரணத்தை ஏற்றுக்கொண்டார்.

இந்த வேலை என்னட்டை வந்தது அம்மாவாலை. நான் பன்ரெண்டு வயசிலையிருந்து பதினைஞ்சு வரைக்கும் ஊர்க் கிளப்பிலை சின்னத் துவக்கு சுட்டனான், ரெண்டு கிண்ணமும் இருக்கு. வசந்தத்திலை பள்ளிக்கூடத்தை விட்டுப்போட்டு வீட்டிலை இருந்தன். சும்மாதானே இருக்கிறாய், அந்த மனுசனுக்கு என்னெண்டு பார், அவர் நித்திரையிலையும் தோளைச் சுருக்கிறார் எண்டு அம்மா சொன்னா.

பள்ளிக்கூடம் ஏன் விட்டனான் எண்டு கேக்கப் போறியள், எல்லாரும் கேக்கினம். கணக்குக்கு வாய்ச் சோதினை. வெளியிலை வாங்கிலை இருத்தி ஒவ்வொருத்தராப் பேர் கூப்பிட்டவை. எனக்கு முன்னாலை ரெண்டு பேர் இருக்கேக்கை எழும்பி வந்திட்டன். பயமெண்டு இல்லை. அந்த நடையிலை சரியான வெக்கை. அந்த ரீச்சருக்கும் என்னிலை ஒரு இது. பேனையும் எழுதேல்லை. அதை விடுவம்.

நான் முதல் செய்தது, அப்பா, தள்ளுங்கோ, நான் காட்டுறன் எண்டு துவக்கை வாங்கினது. ஒரு வெடி. அந்த வெடிதான் இந்தப் பிறை. ரத்தம் வழிஞ்சு சேட்டெல்லாம். அப்பா துவக்கைப் பாக்கேல்லை, வெடி எங்கை பட்டதெண்டும் பாக்கேல்லை, என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பதினெட்டு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. நாலு தையல். ஸ்கோப்பை ரூனே கண்ணுக்குக் கிட்ட வைச்சுப் பூட்டியிருக்கிறான், அன்ரி. நான் கொஞ்சம் இளக்கிப் பிடிச்சதும், முன்னுக்குச் சாய்ஞ்சு நிக்காததும் உண்மைதான், ஆனால் ஸ்கோப் சரியா இருந்திருந்தால் அது ஒரு பிரச்சினையே இல்லை.

பிறகு நான் வேலையைத் தொடங்கினன். ஸ்கோப்பைக் கழட்டி ரெண்டு விரல் முன்னுக்குப் பூட்டினன். பிடங்கின்ரை இரும்புத் தகட்டைக் கழட்டிப்போட்டு மொத்த றப்பர் வைச்சு, அரத்தாலை ராவி, மரத்தோடை மட்டமாக்கினன். காதுக்குள்ளை பஞ்சு, அதுக்கு மேலை மூடி, ரெண்டும். சத்தம் குறைஞ்சால் உதையும் பாதி குறைஞ்ச மாதிரி உடம்பு நம்பும். தோளெலும்பிலை வைக்காதேங்கோ, அதுக்கு உள்ளுக்கு ஒரு பள்ளம் இருக்கு, அதுக்குள்ளை இறுக்குங்கோ எண்டன். துவக்குக்கும் தோளுக்கும் நடுவிலை இடைவெளி விட்டால் அது ஓடி வந்து அடிக்கும், ஒட்டியிருந்தால் தள்ளத்தான் செய்யும். கன்னத்தை மரத்திலை வையுங்கோ. பாதி மூச்சை விடுங்கோ. விசையை இழுக்காதேங்கோ, மெல்ல மெல்லப் பாரம் ஏத்துங்கோ, அது எப்ப வெடிக்குமெண்டு உங்களுக்கே தெரியக்கூடாது.

எல்லாத்தையும் கேட்டார். எல்லாத்தையும் செய்தார். வெடி திரும்பவும் புல்லுக்குள்ளை. ஆனால் தனக்கு ஒரு பதட்டமும் இல்லை, கண் திறந்துதான் இருக்கு, றப்பர்தான் மொத்தம் கூடிப்போச்சு எண்டு நிண்டார்.

எனக்குப் பொறுமை குறைவு, எல்லாரும் சொல்லுறதுதான். அடுத்த சனிக்கிழமை நான் மருந்தில்லாத வெறுந்தோட்டா ரெண்டு கொண்டு போனன். பாக்க அசல் மாதிரியே இருக்கும். நான் தோட்டா போடுறன், நீங்கள் சுடுங்கோ எண்டன். முதலாவது அசல். ரெண்டாவது அசல். மூண்டாவது வெறுந்தோட்டா. அப்பா விசையை அமத்தினார். கிளிக் எண்டு ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். வெடி இல்லை, உதை இல்லை. ஆனால் குழல் ஒரு முழம் கீழை குத்திச்சுது, தோள் முன்னுக்குப் பாய்ஞ்சுது, ரெண்டு கண்ணும் இறுக்கி மூடிக் கிடந்தது. ஒண்டும் குறுக்கை வராத றோட்டிலை பிறேக் அடிச்ச மாதிரி. அண்டைக்கு அங்கை குழு முழுக்க நிண்டது. ரூனே சிரிச்சுப்போட்டான். ஓட்வாரின்ரை மருமகன் சிரிக்கேல்லை, அது அதைவிட மோசம்.

அப்பா துவக்கைக் கவனமாக் கீழை வைச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"இப்ப உமக்குச் சந்தோசமோ?" எண்டார்.

எப்பவும் பிள்ளை எண்டுறவர் என்னை உமக்கு எண்டு சொல்லுறார் எண்டால், அன்ரி, அது அடிக்கிறதைவிடப் பெரிசு.

மூண்டு நாள் அப்பா என்னோடை கதையில்லை. நான் உண்மையைத்தானே காட்டினன்? தனிய வைச்சுக் காட்டியிருக்கலாம் எண்டு அம்மா சொன்னா. தனியக் காட்டியிருந்தால் அவர் றப்பரைப் பிழை சொல்லியிருப்பார் எண்டு நான் சொன்னன். ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்.

நாலாம் நாள் பின்னேரம் நிலவறையிலையிருந்து சத்தம். கிளிக். கொஞ்ச நேரத்தாலை ணிங் எண்டு ஒரு காசு சீமெந்திலை விழுற சத்தம். திரும்பக் கிளிக், திரும்ப ணிங். நான் படியிலை நிண்டு எட்டிப் பாத்தன். அப்பா வெறுந் துவக்கைத் தோளிலை வைச்சுச் சுவரிலை இருந்த ஒரு கறுப்புப் புள்ளியைக் குறி பாத்துக்கொண்டு நிண்டார். ஒரு நாள் நான் வாய்விட்டுச் சொன்ன பயிற்சிதான். குழலின்ரை நுனியிலை ஒரு குரோன் காசை வைச்சு, விசை அமத்தேக்கை காசு விழாமல் நிக்கவேணும். இஞ்சத்தைக் காசு நடுவிலை ஓட்டை, சும்மா ஆடினாலே உருளும். நான் எதிர்பாக்காதது, காசை எடுத்துத் திரும்பக் குழலிலை வைச்சுக்கொண்டிருந்தது அம்மா. ஒரு கையிலை வெங்காயம் வெட்டின கத்தி. மற்றக் கையாலை அந்தச் சாமானைப் பிடிச்சுக்கொண்டு, அதே கையின்ரை ரெண்டு விரலாலை காசை வைக்கிறா.

"நாப்பத்தாறு," எண்டா. விழுந்ததை எண்ணிக்கொண்டிருக்கிறா.

நான் கீழை இறங்கேல்லை. சத்தம் போடாமல் திரும்பி மேலை வந்திட்டன். அடுத்த நாள் முப்பத்தொண்டு. பிறகு பன்ரெண்டு. ஒரு கிழமைக்குப் பிறகு குசினியிலை நிண்டால் கிளிக் மட்டும்தான் கேட்டது, ணிங் கேக்கேல்லை. அம்மா சோத்துக்கு அரிசி எடுக்கப் போனாலும் போற போக்கிலை காசை வைச்சிட்டு வந்தா.

சோதினை ஓகஸ்ட் கடைசி வியாழன், பின்னேரம் ஆறு மணி, நல்ல வெளிச்சம். எங்கட கிளப்பிலை ஒராளுக்கு மூண்டு தரம்தான். அம்மாவும் வந்தா. காருக்குள்ளை கண்ணாடியெல்லாம் ஏத்திப்போட்டு, ரெண்டு கையாலையும் காதைப் பொத்திக்கொண்டு இருந்தா. முதல் தரம் அப்பா மூண்டு உள்ளுக்கு, ரெண்டு வெளியிலை. ரெண்டாம் தரம் நாலு உள்ளுக்கு. ஐஞ்சாவது ஒரு விரல் வெளியிலை. ஓட்வார் அளவுகோலை ரெண்டு தரம் வைச்சுப் பாத்தார். அவருக்கு மனமில்லை, ஆனால் வெளியிலை எண்டால் வெளியிலை. எனக்குக் கத்தவேணும் போலை. உதட்டைக் கடிச்சுக்கொண்டு நிண்டன்.

மூண்டாம் தரம். அப்பா படுத்தார். ஒரு வெடி. குழல் மேலை எழும்பி, அமைதியா வந்து இருந்தது. கண் திறந்து கிடந்தது, நான் பக்கத்திலை நிண்டு பாத்தன். ரெண்டு. மூண்டு. ஒவ்வொரு வெடிக்கும் அப்பாவின்ரை முகத்திலை ஒரு ஆச்சரியம், ஆரோ பின்னாலை வந்து தோளிலை தட்டின மாதிரி. நாலு. பிறகு கனநேரம் ஒண்டுமில்லை. இலையான் ஒண்டு இரைஞ்சு பறந்து வந்து அவற்றை காதுமூடியிலை குந்திச்சுது. ஐஞ்சு.

ஐஞ்சும் வட்டத்துக்குள்ளை. உள்ளங்கையாலை மூடலாம்.

நான் என்னவோ என்ரை றப்பரும் என்ரை ஸ்கோப்பும்தான் எண்டு பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தன். காருக்குள்ளை அப்பா சொன்னார், "ஒவ்வொண்டையும் இது பிள்ளை போட்ட வெறுந்தோட்டா எண்டு நினைச்சுத்தான் அமத்தினன். ஐஞ்சு தரமும் என்னை ஏமாத்திப்போட்டுது." அம்மா பின்னாலையிருந்து சிரிச்ச சிரிப்பு, அன்ரி, அந்தச் சிரிப்பு இந்தப் பஸ்ஸின்ரை சத்தத்தைவிடப் பெரிசு.

வேட்டையோ? வேட்டையிலை அப்பா ஒரு வெடியும் வைக்கேல்லை. ஐஞ்சு நாள் காவல். நாலாம் நாள் ஒரு எல்க் அறுபது மீற்றரிலை வந்து நிண்டதாம், அப்பாவின்ரை கையிலை றொட்டியும் சம்பலுமாம். கையைத் துடைச்சு முடிக்க அது போயிட்டுது. சம்பல் மணத்துக்கு வந்ததோ தெரியாது எண்டு ஓட்வார் இப்பவும் சொல்லுறார்.

ஆனால் பங்கு பிரிக்கிற நாள் நானும் அம்மாவும் போனம். மேசையிலை குவியல் குவியலா. சுவரைப் பாத்து நிண்டது ஓட்வாரின்ரை மருமகன், அவனை அடுத்த வருசத்துக்கு எடுத்திருக்கினம். ரூனே ஆறாவது குவியலைத் தொட்டான். இது ஆருக்கு? மருமகன் சுவரைப் பாத்தபடி, நேசன் எண்டான். அப்பா "ஓம்" எண்டார். தமிழிலை. ஒருத்தரும் சிரிக்கேல்லை, எல்லாருக்கும் விளங்கினது. அந்தக் குவியலிலை கழுத்தும் எலும்பும்தான் கூட. மற்றவை பாவமெண்டு பாத்தினம். அம்மாவுக்கெண்டால் எலும்பில்லாமல் என்ன குழம்பு. அப்பா அந்த இடத்திலையே ஒரு கடைப் பை கேட்டு வாங்கி, நல்ல துண்டாப் பாத்துப் போட்டு, முழங்கால் பழுதான மனுசன்ரை வீட்டுக் கதவிலை கொண்டுபோய்க் குடுத்திட்டுத்தான் வீட்டை வந்தார். அண்டைக்குக் குசினி மேசையிலை இறைச்சியை வைக்கேக்கை அவற்றை முகத்தை நான் பாத்தன். சரி, அதை விடுவம், எனக்கு இப்பிடியான கதையெல்லாம் வடிவாச் சொல்ல வராது.

பிறகு ரூனே தன்ரை துவக்கைக் கொண்டுவந்தான், றப்பர் வைச்சுத் தா எண்டு. பிறகு இன்னும் மூண்டு பேர். அதுக்குப் பிறகுதான் நான் பட்டணத்திலை துவக்குத் திருத்துற கடை ஒண்டுக்கு எழுதினன், பயிற்சிக்கு ஆள் எடுப்பியளோ எண்டு, செய்த வேலையின்ரை படமும் போட்டு. வீட்டிலை சொல்லேல்லை. இண்டைக்குள்ளை பதில் போடுறம் எண்டவை. ஓம், அந்த மெசேஜ்தான். ஓம், அதுக்குத்தான் பஸ் ஏறினனான், வீட்டிலை சொன்ன மாதிரி உடுப்பு வாங்க இல்லை. அவை ஓம் எண்டால் நேரை கடையிலை போய் நிக்கலாம். இல்லையெண்டால் சும்மா ஒரு கோப்பி குடிச்சிட்டு வரலாம்.

சிக்னல் இப்ப நல்லாத்தான் இருக்குது போலை. ஆனால் விரல் குளிருக்கு விறைச்சுப்போச்சு. இந்தப் போனும் பழசு, வெளிச்சத்திலை எழுத்துத் தெரியாது. பஸ்ஸும் ஆடுது. இந்தாங்கோ, நீங்களே திறந்து பாருங்கோ, அன்ரி. மேலையிருக்கிறதுதான். நோர்வேஜியன் விளங்காட்டிப் பரவாயில்லை, எழுத்தைக் கூட்டி வாசியுங்கோ, எனக்கு விளங்கும்.

வாசியுங்கோவன்.

இல்லை, கண் மூடேல்லை. யன்னலாலை வெய்யில் அடிக்குது.